லோடர் வாங்கும் முன் சாணத்தை எடை போடுங்கள்

"அண்ணா, அம்பது எச்.பி. வண்டி, முன்னாடி லோடர். பேசி முடிச்சுட்டேன். முன்பணத்துக்கு நாலு மாட்டை வித்துடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னா போதும்."

மாத்தூரிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டது இது. மணலிக்கும் மாதவரத்துக்கும் நடுவில் இருக்கிற மாத்தூர். ஒரு பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் யூரியா ஆலையும். இன்னொரு பக்கம் மாதவரம் பால்பண்ணை, அங்கேதான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம். 2011-ல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது மாத்தூரும் அதற்குள் வந்துவிட்டது. ஏரி, கன்டெய்னர் லாரி, அடுக்குமாடி வீடு என்று எல்லாவற்றுக்கும் இடையில் இன்னமும் சிலர் விடாமல் மாடு வைத்திருக்கிறார்கள்.

தம்பியிடம் கலப்பினமும் நாட்டு மாடுமாக 24 உருப்படி. மீஞ்சூரைத் தாண்டி நாலு ஏக்கர் நிலம். இரண்டு ஏக்கரில் தீவனப்புல், இரண்டு ஏக்கரில் ரசாயனம் போடாத நெல். தினமும் விடிகாலையில் ஒரு குட்டியானை வண்டி போய்ப் புல் ஏற்றி வருகிறது.

லோடர் ஆசை சும்மா வரவில்லை. சாணம் அள்ள இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் நின்றுவிட்டார். தம்பிக்கும் அவர் மனைவிக்கும் இடுப்பு வலி. தொழுவத்துக்குப் பின்னால் சாணம் மலையாகக் குவிந்து, மழைக்குக் கரைந்து தெருக் கால்வாயில் ஓடுகிறது. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். இப்படியே போனால் மாடு வளர்ப்பதையே விட வேண்டியதுதான் என்கிற நிலைமை.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஒரு வாரம் பொறு தம்பி. ஒரு தராசும் ஒரு அளவு டேப்பும் எடுத்து வை, நேரில் வர்றேன்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் அளந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். லோடர் டிராக்டர் வாங்க நினைக்கிற எந்தப் பண்ணையாளரும் இதே வரிசையில் அளந்து பார்க்கலாம்.

முதல் அளவு: சாணம்

ஒரு நாட்டு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ, நன்றாகத் தின்னும் கலப்பின மாடு 15 முதல் 20 கிலோ, சில மாடுகள் அதற்கு மேலும் சாணம் போடும். புத்தகக் கணக்கை நம்பாமல் உங்கள் தொழுவத்துச் சாணத்தை மூன்று நாள் எடை போட்டுச் சராசரி எடுங்கள். தம்பியின் தொழுவத்தில் மாட்டுக்கு 15 கிலோ வந்தது. 24 மாட்டுக்கு 360 கிலோ. மாடு தின்று கழித்த தட்டையும் கூளமும் 60 கிலோ. ஆக நாளுக்கு 420 கிலோ.

60 கிலோ கொள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் இது ஏழு நடை. நடைக்கு ஆறு நிமிடம் என்றாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதற்கு இடுப்பு ஏன் போக வேண்டும்? கவனித்துப் பார்த்தால், தொழுவத்தைக் கூட்டி அள்ளுவது பெரிய வேலையாக இல்லை. பின்னால் குவித்த சாணத்தை வாரத்துக்கு ஒருமுறை மறுபடி மண்வெட்டியால் வெட்டி, கூடையில் சுமந்து, தலைக்கு மேல் தூக்கி வண்டியில் கொட்டுகிறார்கள். வாரத்துக்கு மூன்று டன். இடுப்பை ஒடிப்பது அதுதான்.

இதே மூன்று டன்னை, தடவைக்கு 150 கிலோ அள்ளும் லோடர் 20 தடவையில் ஏற்றிவிடும். தடவைக்கு இரண்டு நிமிடம் வைத்தால் 40 நிமிடம். மக்குக் குவியல் புரட்டுவதையும் சேர்த்தால் மாதத்துக்கு ஏழெட்டு மணி நேர வேலை. மீதி நேரமெல்லாம் வண்டி சும்மா நிற்கும்.

நாலு மாட்டின் விலை

டிராக்டரும் லோடரும் சேர்த்துப் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை லட்சம் முன்பணம். ஏழரை லட்சம் கடன், பத்து சதவீத வட்டி, ஐந்து வருடம். மாதத் தவணை ஏறத்தாழ 16,000 ரூபாய். மாதம் எட்டு மணி நேரம்தான் வேலை என்றால், டீசலும் ஆள்கூலியும் சேர்க்காமலே மணிக்கு 2,000 ரூபாய் ஆகிறது. உங்கள் ஊரில் லோடரோ ஜேசிபியோ மணி வாடகைக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து, இதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

"உழவுக்கும் ஆகுமே அண்ணா?" என்றார் தம்பி. தொழுவம் மாத்தூரில், நிலம் மீஞ்சூருக்கு அப்பால். முன்னால் லோடர் கை நீட்டிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் சாலையில் டிராக்டரை ஓட்டிப் போவது உயிரோடு விளையாடுவது. இரண்டு ஏக்கர் நெல்லுக்குப் போகத்துக்குச் சில மணி நேரம் உழவு வாடகை கொடுத்தால் போதும்.

விற்கப்போகும் நாலு மாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. நாளுக்கு 60 கிலோ சாணம் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 22 டன். மக்கிச் சுண்டி அதில் பாதிக்கும் குறைவாக வந்தாலும் பத்து டன் தொழுவுரம் தேறும். எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, அதாவது ஏக்கருக்கு ஐந்து டன். ஆக, நாலு மாடு போனால் அவருடைய இரண்டு ஏக்கர் நெல்லுக்கான உரம் போய்விடுகிறது. பால் வருமானம் போவது தனி.

டிராக்டர் நன்றாக உழும், ஆனால் சாணி போடாதே என்று ஜே.சி. குமரப்பா கேட்டதாக நம் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருப்போம். அந்தச் சாணியை அள்ளுவதற்கு என்றே, சாணி போடுகிற மாட்டை விற்று டிராக்டர் வாங்கும் கட்டத்துக்கு நாம் வந்திருக்கிறோம். எந்திரத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாட்டை விற்று வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது அளவு: வாசல், கூரை, தரை

டேப்பை எடுத்தோம். வாலோடு வால் நிற்கும் இரட்டை வரிசைத் தொழுவம், நடு நடைபாதை ஐந்தடி. 50 எச்.பி. டிராக்டரின் அகலமே ஏறத்தாழ ஆறடி. லோடர் பக்கெட் டயரை விட அகலமாக இருந்தால்தான் டயர் சாணத்தில் ஏறாது. ஆகவே உள்ளேயே நுழையாது. நாலடிக்குள் அடங்கும் 20-25 எச்.பி. சின்ன டிராக்டர்கள் உண்டு, அவை நுழையும். ஆனால் கூரை?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தொழுவத்துக்குள் முழங்கால் தண்ணீர். அதற்குப் பிறகு தம்பி தரையை இரண்டரை அடி உயர்த்திவிட்டார், கூரையை உயர்த்தவில்லை. இப்போது தாழ்வாரம் ஆறரை அடிதான். ஓட்டுபவர் தலையும், நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாயும் எங்கே போகும்? சாய்தளத்தில் ஏறி இறங்க வேண்டும் வேறு.

தரையையும் பாருங்கள். மாடு நிற்பதற்காகப் போட்ட நாலு அங்குலக் கான்கிரீட், கம்பிவலை இல்லாவிட்டால், சுமை ஏறிய முன் சக்கரங்களின் கீழ் விரிசல் விடும். இரும்பு பக்கெட் தினமும் சுரண்டினால் தரை வழவழப்பாகி மாடு வழுக்கி விழும். வெளியே வண்டி திரும்ப 25-30 அடி இடம் வேண்டும். எதில் கொட்டப் போகிறோமோ அந்த வண்டியின் பக்கப் பலகை உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். விற்பவர் சொல்லும் "தூக்கும் உயரம்" பக்கெட் மாட்டியிருக்கும் ஊசி வரைக்குமானது. பக்கெட்டைக் கவிழ்க்கும்போது அதன் நுனி அதற்கும் கீழே தொங்கும். கவிழ்த்த நிலையில் நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

எந்தத் தூக்கும் திறன்?

பல பேர் ஏமாறும் இடம் இது. டிராக்டர் விளம்பரத் தாளில் "தூக்கும் திறன் 1,500 கிலோ", "1,800 கிலோ" என்று போட்டிருக்கும். அது பின்னால் கலப்பை மாட்டும் மூன்று முனை லிங்க் தூக்கும் எடை. முன்னால் உள்ள லோடருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லோடரின் திறனைத் தனியாகக் கேளுங்கள். தரையில் எவ்வளவு, முழு உயரத்தில் எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள். உயரம் போகப்போகத் திறன் குறையும்.

ஈரச் சாணம் ஏறத்தாழ தண்ணீர் அளவுக்குக் கனம். கால் கன மீட்டர் பக்கெட் நிறைய அள்ளினால் 250 கிலோ, பக்கெட்டின் சொந்த எடை தனி. இறுகிய குவியலிலிருந்து பிய்த்தெடுக்க அதைவிடக் கூடுதல் விசை வேண்டும். வைக்கோல் கட்டும் தவிட்டு மூட்டையும் இந்தக் கணக்கில் வராது. பெரிய சைலேஜ் கட்டு வாங்குபவராக இருந்தால் ஒரு கட்டின் எடையைக் கேட்டு அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

முன்னால் சுமை, பின்னால் எடை

மாத்தூருக்குப் பக்கத்துச் செம்பியத்தில்தான் 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் டிராக்டர் ஆலை இருக்கிறது. அங்கே ஆகட்டும், வேறெங்கே ஆகட்டும், நம் நாட்டு டிராக்டர்கள் பெரும்பாலும் உழவுக்கும் டிரெய்லர் இழுக்கவும் செய்தவை. இரு சக்கர இழுவை டிராக்டரில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால் இருக்கும். முன் அச்சும் முன் டயரும் சிறியவை. அங்கே கொண்டுபோய் லோடரின் எடையையும் சாணத்தின் எடையையும் சேர்த்து ஏற்றுகிறோம். ஆகவே வாங்கும்போது இவற்றைப் பார்க்க வேண்டும்:

பவர் ஸ்டீரிங் கட்டாயம். இல்லாவிட்டால் சுமையோடு திருப்பத் தோள்பட்டை போய்விடும்.

முடிந்தால் நாலு சக்கர இழுவை வண்டி எடுங்கள், அதன் முன் அச்சு உறுதியானது. இரு சக்கர இழுவை என்றால் 6.00-16 முன் டயருக்குப் பதில் 7.50-16 போட முடியுமா, முன் அச்சு லோடரைத் தாங்கும் என்று கம்பெனி எழுதித் தருமா என்று கேளுங்கள்.

லோடர் வேலை முன்னே பின்னே போய் வருகிற வேலை. நிமிடத்துக்கு நாலு முறை கியர் மாற்ற வேண்டும். ஒரே லிவரில் முன்னும் பின்னும் போகும் ஷட்டில் கியர் இருந்தால் கிளட்ச்சும் பிழைக்கும், காலும் பிழைக்கும்.

பின்னால் எடை கட்டாயம். லிங்க்கில் மாட்டும் கான்கிரீட் கட்டையோ, சக்கர எடையோ, டயரில் தண்ணீரோ, கம்பெனி சொல்லும் அளவுக்கு வையுங்கள். பின் சக்கரம் லேசானால் பிரேக்கும் பிடிக்காது, பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்துக்குத்தான்.

உள்ளூர்ப் பட்டறையில் செய்யும் லோடர் மலிவு. கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடிச்சட்டம் எதில் மாட்டியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். நம் டிராக்டருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, என்ஜினும் கிளட்ச் பெட்டியும் கியர் பெட்டியும் சேர்ந்ததுதான் உடம்பு. லோடரின் சட்டம் பின் அச்சு வரை நீண்டு பிடித்திருந்தால் சுமை பரவும். முன்பக்கம் மட்டும் போல்ட் போட்டிருந்தால் சுமை முழுக்க என்ஜினும் கிளட்ச் பெட்டியும் சேரும் இடத்தில் விழும், ஒருநாள் அங்கே வெடிக்கும். லோடர் மாட்டினால் வாரண்டி உண்டா, காப்பீடு செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். உழவுக்குப் போகும்போது லோடரைக் கழற்றி வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கண் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கவிழாமல் ஓட்ட

டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் ஆடும். அதனால் வண்டி நாலு காலில் நிற்பதாகத் தோன்றினாலும், சாய ஆரம்பிக்கும்போது மூன்று காலில் நிற்பது போலத்தான். நிறைந்த பக்கெட்டை மேலே தூக்கிக்கொண்டு திரும்பினால், ஒரு சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே வண்டி சாய்ந்துவிடும். சுமையைத் தரையிலிருந்து ஒரு அடிக்குள் வைத்து ஓட்டுங்கள், கொட்டும் இடத்தில் மட்டும் தூக்குங்கள். கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் உள்ள வண்டி வாங்கி, சீட் பெல்ட்டும் போடுங்கள். இறங்கும் முன் பக்கெட் தரையில் இருக்க வேண்டும். தூக்கிய பக்கெட்டுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகளை பக்கெட்டில் ஏற்றி விளையாட்டுக் காட்டுவதும் கூடாது.

ஹைட்ராலிக் குழாய் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் பொட்டு அளவுதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டையை நீட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இயற்கை விவசாயிக்கு இன்னும் மூன்று

லோடரை மக்குக் குவியல் மேல் ஏற்றாதீர்கள். ஏற்றினால் குவியல் இறுகிக் காற்று போய், மக்குவதற்குப் பதில் அழுகும். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு உருவாக்கிய மக்கு முறையிலும் குவியலைப் புரட்டுவது முக்கியமான படி. அள்ளி, உயரத்திலிருந்து உதறிக் கொட்டினால் காற்று சேரும். லோடர் நம் வயலுக்குச் செய்யும் பெரிய உபகாரம் இதுதான்.

மண் தரையில் அள்ளும்போது பக்கெட்டை அழுத்தாதீர்கள். சாணத்தோடு மண்ணும் கல்லும் பிளாஸ்டிக்கும் சேர்ந்துதான் வரும்.

ஈர வயலுக்குள் லோடரை இறக்காதீர்கள். மண்புழு பல வருடம் பாடுபட்டுப் பொலபொலப்பாக்கிய மண்ணை ஒரே நாளில் இறுக்கிவிடும்.

அப்படியென்றால் யாருக்கு லோடர்?

என் அனுபவத்தில் 20-30 மாடு வரைக்கும் தள்ளுவண்டி, சரியான வாட்டம் உள்ள தரை, வாடகை லோடர் போதும். 60 மாட்டைத் தாண்டி, தொழுவமும் நிலமும் ஒரே இடத்தில் இருந்து, தினம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை இருந்தால் சொந்த லோடர் கட்டுப்படியாகும். நடுவில் இருப்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்து வாங்கலாம். 2014-15-ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் வாடகை மையத்துக்கு மானியம் தர வழி உண்டு. உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் இப்போதைய நிலவரத்தைக் கேளுங்கள்.

பொது வண்டி என்றால் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒரு தொழுவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் பக்கெட்டையும் டயரையும் கழுவி, 4 சதவீதச் சலவைச் சோடாக் கரைசல் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் சாணத்தோடு கோமாரியும் ஊர் சுற்றும்.

மாத்தூரில் என்ன செய்தோம்

அளந்துகொண்டே இருந்தபோது தம்பியின் மனைவிதான் சொன்னார்: "தினம் காலையில புல்லுக்கு வண்டி காலியாத்தானே போகுது?"

குட்டியானையைத் தொழுவ ஓரத்தில் பின்னுக்கு நிறுத்திப் பார்த்தோம். வெள்ளத்துக்குப் பயந்து இரண்டரை அடி உயர்த்திய தரையும் வண்டியின் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம். பின் பலகையைத் திறந்து ஒரு இரும்புத் தகட்டைப் பாலமாகப் போட்டால் தள்ளுவண்டி நேரே உள்ளே போகிறது. கீழே குவிப்பதும் இல்லை, மறுபடி தூக்குவதும் இல்லை. பழைய லாரி டயரை வெட்டி, கம்பு மாட்டி, தரையை வழிக்க ஒரு தள்ளுகட்டை செய்தோம். மூத்திரமும் கழுவுநீரும் ஓட வாட்டமான வாய்க்கால், அதற்கு மூடிய தொட்டி.

இப்போது காலையில் 420 கிலோ சாணம் வயலுக்குப் போகிறது. அங்கே இறக்கி, தளத்தைக் கழுவி, தனித் தார்ப்பாய் விரித்து, புல் ஏற்றி வருகிறார்கள். தொழுவத்துக்குப் பின்னால் இருந்த மலை கரைந்துவிட்டது. மாதம் ஒருமுறை வயலில் வாடகை லோடர் வந்து குவியலைப் புரட்டுகிறது. இரண்டு மணி நேரம்தான் ஆகிறது, பக்கத்து நிலத்துக்காரரும் சேர்ந்துகொள்வதால் வண்டி வரும் செலவு பாதி.

செலவு என்று பார்த்தால் இரண்டு தள்ளுவண்டி, ஒரு தகடு, வாய்க்கால், தொட்டி. நாலு மாடும் தொழுவத்திலேயே நிற்கின்றன, அதில் ஒன்று சினை. "அறுபது மாடு ஆனதும் மறுபடி போன் பண்றேண்ணா" என்கிறார் தம்பி. பண்ணட்டும். அன்றைக்கும் முதலில் தராசையும் டேப்பையும்தான் எடுத்து வைக்கச் சொல்வேன்.